வடிகட்டிக்கும் ஆயுள் உண்டு

குடிநீர் வடிகட்டிகளைக் கையளிக்கும் வைபவங்கள் பலவற்றைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். நாடா வெட்டப்படும், முதற் குவளை நீரைப் பிரமுகர் அருந்துவார், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். ஆறு மாதங்கள் கழித்து அந்த வடிகட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு தடவையேனும் நான் போய்ப் பார்த்ததில்லை. அந்தக் குற்ற உணர்வே இதை எழுதத் தூண்டுகிறது.

கரி, செங்கல், களிமண் போன்றவற்றின் பரப்பில் நீரிலோ காற்றிலோ உள்ள நச்சு ஒட்டிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்பார்கள். ஒட்டுவதற்கான இடம் வரையறுக்கப்பட்டது. அது நிரம்பியதும் நச்சு தடையின்றி மறுபுறம் வந்துவிடும். ஆகவே, எவ்வளவு பிடிக்கும் என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகமாகப் பிடிக்கும், எப்போது ஓயும் என்பவையும் கேள்விகளே.

இந்த வேகத்தைச் சமன்பாட்டில் அடக்க சுவீடனின் லாகர்கிரென் 1898இலேயே முயன்றார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் ஜேர்மன் படை குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டபின், கேள்வி உயிர்ப்பிரச்சினையாயிற்று. கரிப் படுகையினூடாகக் குளோரீன் எவ்வாறு முன்னேறும் என்பதற்கு போஹார்ட், ஆடம்ஸ் இருவரும் 1920இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் நீர்ச் சுத்திகரிப்பில் பயன்படுகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முகமூடி ஓய்ந்தால் குளோரீனின் நெடி போர்வீரனுக்குத் தெரிந்துவிடும். எங்கள் உலர் வலயக் கிணறுகளில் உள்ள புளோரைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரை நெடுங்காலம் அருந்தும் சிறுவர்களின் பற்களில் கறை படியும். அளவு மிகுந்தால் எலும்பும் பாதிக்கப்படும். இதைத் தவிர்க்கவே செங்கல் துண்டுகள் நிரப்பிய வீட்டு வடிகட்டிகள் அநுராதபுரம் போன்ற இடங்களில் அறிமுகமாயின. நல்ல முயற்சிதான். ஆனால் செங்கல்லும் நிரம்பும்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் பொருள் 1 மில்லிகிராம் புளோரைட்டைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோ பொருள் 5,000 மில்லிகிராமைப் பிடிக்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் நீக்க வேண்டுமானால் 2,500 லீற்றர் கிடைக்கும். நாளொன்றுக்கு 20 லீற்றர் எடுக்கும் குடும்பத்துக்கு அது 125 நாள். துகளின் நுண்துளைகளுக்குள் நச்சு ஊடுருவ நேரம் வேண்டும். நீரை அவசரமாகப் பாய்ச்சினால் பாதிக் கொள்ளளவுகூடப் பயன்படாமல் இரண்டே மாதத்தில் வடிகட்டி ஓய்ந்துவிடலாம். குழாயிலிருந்து நீர் மட்டும் முன்போலவே தெளிவாக வரும்.

ஆய்வுலகிடமும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. குடுவையில் சிறிதளவு தூளை இட்டு மணிக்கணக்கில் குலுக்கி, வரைபில் நேர்கோடு வந்ததும் கட்டுரை முடிகிறது. ஹோ, மக்கே இருவரும் 1999இல் பிரபலப்படுத்திய போலி இரண்டாம் வரிசைச் சமன்பாடு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதன் வழக்கமான வரைபில் நேரம் இரு அச்சுகளிலும் இடம்பெறுவதால், கோடு பெரும்பாலும் நேராகவே அமையும். அது வடிகட்டியின் ஆயுளைச் சொல்லாது. உண்மைக் கிணற்று நீரில் புளோரைட்டுடன் போட்டியிடும் வேறு உப்புகளும் இருக்கின்றன. அந்த நீரையே நிரற்குழாயில் பாய்ச்சி அளந்தால்தான் விடை கிடைக்கும்.

தேங்காய்ச் சிரட்டையிலிருந்து உயிர்ப்பூட்டிய கரியைச் செய்து உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடு இது. ஆனால் அக்கரி புளோரைட்டைப் போதியளவு பிடிக்காது என்பதை வாங்குபவருக்கு யார் சொல்கிறார்கள்?

நான் வேண்டுவது பெரிதல்ல. ஒவ்வொரு வடிகட்டியிலும் எந்த நச்சுக்கு, எவ்வகை நீரில், எத்தனை லீற்றர் வரை என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். கையளிப்போர் மாற்றுப் பொருளுக்கும் நீர்ப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும். பத்திரிகையாளரோ திறப்பு விழாவோடு நில்லாமல், 126ஆம் நாளும் அங்கே போக வேண்டும்.