கண்ணளவு போதாது!

பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம் காளஹஸ்தி. அங்கு செல்லும் சாலையிலும் பழைய லாரிகளும் வேன்களும் கரும்புகை கக்கியபடி ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் உரிமையாளர்களிடம் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழும் இருக்கும் என்பதுதான் விந்தை.

புகையைக் கண்ணால் பார்த்தே குற்றம் என்று முடிவு கட்டலாமா? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதில் தெளிவாகவே உள்ளன. புகையைக் கண்டு சந்தேகப்படும் காவல் துறை சப்-இன்ஸ்பெக்டரோ, மோட்டார் வாகன ஆய்வாளரோ வாகனத்தைச் சோதனைக்கு அனுப்பலாம். டீசல் வாகனமானால் புகைமானி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்கு மேல் காட்டக் கூடாது. பாரத் ஸ்டேஜ்-4 வாகனங்களுக்கு வரம்பு 50. சந்தேகம் கண்ணுடையது, தீர்ப்பு கருவியுடையது.

இந்த வேறுபாடு அவசியமானது. புகையின் கருமையைக் கட்டங்களுடன் ஒப்பிட்டு அளக்கும் முறையை பிரான்ஸ் நாட்டின் ரிங்கல்மான் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தார். ஆனால், வெயில் எந்தப் பக்கம், பின்னணியில் வானமா சுவரா என்பதைப் பொறுத்து பார்வை மாறும். குளிர்காலக் காலையில் வெளிவரும் வெண்புகை வெறும் நீராவியாகவும் இருக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை விதிக்கப்படலாம் என்கிற நிலையில், ஓர் ஏழை ஓட்டுநரின் பிழைப்பை ஒருவரது கண்பார்வைக்கு விட்டுவிடுவது நியாயமல்ல; லஞ்சத்துக்கும் அதுவே வாசல்.

அதேவேளையில், கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதற்காக வாகனம் தூய்மையானது என்றும் கொள்ள முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை. நுரையீரலில் ஆழ ஊடுருவும் நுண்துகள் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை.

அப்படியானால் கருவியை நம்பலாம் என்றால், தலைநகர் தில்லியின் அனுபவம் அச்சுறுத்துகிறது. 2025 ஏப்ரலில் தில்லி பேரவையில் தாக்கல் செய்யப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின்படி, வரம்பை மீறிய 4,007 டீசல் வாகனங்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டன. சோதித்த 22.14 லட்சம் டீசல் வாகனங்களில் 24 சதவீதத்துக்கு அளவீடே பதிவாகவில்லை. கருவி உண்மையைச் சொல்லியும், சான்றிதழ் பொய் சொல்லியிருக்கிறது!

நாட்டின் தலைநகரிலேயே இந்த நிலை என்றால், பிற இடங்களில் கேட்கவே வேண்டாம். ஆந்திரமும் தமிழகமும் தங்கள் சோதனை மையங்களின் பதிவுகளை இதேபோலத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். கரும்புகை கக்கும் வாகனத்தைச் சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் அந்த இடத்திலேயே அளக்கப் புகைமானி இருக்க வேண்டும். தவறு உறுதியானால், ஓட்டுநருக்கு மட்டுமல்ல, சான்றிதழ் வழங்கிய மையத்துக்கும் தண்டனை பாய வேண்டும்.