துப்பாக்கியின் கட்டை

சிக்கந்தராபாத்திலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். கல்லூரியில் பயிலும் அவர் மகள் என்.சி.சி.யில் குறிசுடக் கற்று, இப்போது 50 மீட்டர் பந்தயங்களில் கலந்துகொள்கிறாளாம். பிறர் பல்லாண்டு பயன்படுத்திய .22 போல்ட் துப்பாக்கியொன்று உரிமத்துடன் அவளிடம் உளது. மதிப்பெண் ஓரளவுக்கு மேல் உயரவில்லை. கடன் வாங்கியேனும் புதியது வாங்கித் தரலாமா என்பது அவர் வினா. அயலூரில் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இலட்சக் கணக்கில் விலையாகும் பொருள் எளிய செய்தியன்று. ஆதலின் விடையைச் சற்று விரித்தே கூறுகிறோம்.

இந்நகரத்துக்குக் குறிசுடுதல் புதிதன்று. சென்னையில் 1983இல் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன், நம் பிள்ளைகளைப் போலவே அயல் மாநிலத்தில், குஜராத்தில், வளர்ந்து உலகப் புகழ் எய்தியவர். இவர்கள் பெயர் பெற்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். 50 மீட்டர் துப்பாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் காண நம் நாடு 2024வரை காத்திருந்தது. பாரிஸில் அவ்வெண்கலத்தைப் பெற்ற ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணிபுரிந்தவர் என்பது சம்பளக் குடும்பங்களுக்கு உவப்பான செய்தி.

இனி வினாவிற்கு வருவோம். துப்பாக்கியில் குண்டைச் செலுத்துவது குழலும் போல்ட்டும். அவ்விரண்டையும் மனித உடலோடு இணைப்பது கட்டை. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டரே. முன்குறிக்கும் பின்வளையத்திற்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பின்வளையத்தின் நடுவினின்று முன்குறி 0.1 மில்லிமீட்டர் விலகினாலும் இலக்கில் அது 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிழையாகும். கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையின் மேல் ஒரே இடத்தில் பதியாவிடில் விலையுயர்ந்த குழலாலும் பயனில்லை.

பழைய கட்டைகள் பெரும்பாலும் வளர்ந்த ஆடவரின் அளவுக்குச் செதுக்கப்பட்டவை. சிறிய தோளுடைய பெண் அதனை ஏந்தினால் கழுத்தை முன்னே நீட்டியே வளையத்தை எட்டுவாள்; நாற்பது குண்டுகளுக்குள் கழுத்து வலித்துவிடும். சோதனை எளிது. துப்பாக்கியில் குண்டில்லை என்பதை உறுதி செய்தபின், அவள் கண்களை மூடி அதனைத் தோளில் அணைத்துக் கன்னத்தைச் சாய்க்கட்டும். கண் திறந்தவுடன் முன்குறி வளையத்தின் நடுவே தெரிந்தால் கட்டை பொருந்தியது. தலையை அசைத்துத் தேடினால் பொருந்தவில்லை. இதனைச் சுடும்போது அணியும் தடித்த கோட்டுடனேயே செய்தல் வேண்டும். கூடத்தில் சுடிதாருடன் அளவெடுத்துவிட்டு மைதானத்தில் அரை அங்குலம் நீண்டுவிட்டதே என்று வியப்பவர் உண்டு!

இத்தனைக்கும் வேண்டுவது உயர்த்தித் தாழ்த்தத்தக்க கன்னக்கட்டையும், நீட்டிக் குறைக்கத்தக்க தோள்தகடுமே. பழைய மரத்திலேயே இவற்றைப் பொருத்தலாம். தேர்ந்த தச்சர் மரத்தை அறுத்துத் தருவார். ஆயின் குழலையும் போல்ட்டையும் முதலில் கழற்றி வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, வெறும் கட்டையை மட்டுமே அவரிடம் கொண்டு செல்க.

மற்றொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. அக்ரூட் மரமாயினும் மரம் மரந்தான். சித்திரை, வைகாசி வெயிலில் உலரும். ஆனி பிறந்து மழை இறங்கியதும் ஈரம் குடித்து உப்பும். அப்பொழுது இரும்புப் பகுதி அமர்ந்திருக்கும் பள்ளம் சிறிது மாறும். திருகாணிகளின் அழுத்தம் மாறும். குண்டு விழும் இடமும் மாறும். மே மாதத்தில் சரியாயிருந்த துப்பாக்கி ஆகஸ்டில் பிசகுகிறதென்றால் அவள் கையைக் குறை கூறுமுன் இதனை ஐயுறுக. குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை நுழைத்து இழுத்துப் பாருங்கள். குழல் மரத்தைத் தொடாமல் நிற்குமாறு செய்யப்பட்ட துப்பாக்கியில் அது தடையின்றி ஓட வேண்டும். எங்கேனும் சிக்கினால் அங்கே மரம் குழலைத் தொடுகிறது.

மருந்து யாதெனில், திருகாணிகள் செல்லும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதித்து, இரும்பு அமரும் பள்ளத்தில் எபாக்ஸிப் பிசின் இட்டு வார்ப்பது; மரத்தின் உட்புறத்தையும் வார்னிஷால் அடைப்பது. இரும்பின்மீது மெழுகு தடவாமல் பிசினில் அமர்த்தினால் பின்னர் பிரிக்கவே இயலாது. எனவே இவ்வேலையைத் துப்பாக்கி செப்பனிட உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். முடிந்தபின் திருகாணிகளைக் கைவலிமையால் முறுக்காமல், தயாரித்தவர் குறித்துள்ள அளவுக்கு அளவுக்குறடு கொண்டு முறுக்குக.

இவையெல்லாம் செய்தும் குறை தீராவிடில், பழைய குழலையும் போல்ட்டையும் வைத்துக்கொண்டு, அவற்றிற்குரிய அலுமினியக் கட்டை மட்டும் வாங்கலாம். அது ஈரத்தால் உப்பாது. ஜெர்மனியில் உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ் முதலியோர் செய்யும் துப்பாக்கிகளுக்கு இத்தகைய கட்டைகள் தனியே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: பந்தய விதிப்படி 50 மீட்டர் துப்பாக்கியின் மொத்த எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. எடையைக் குறைக்கக் குழலை அறுக்கலாமே என்று எவரேனும் யோசனை கூறினால் செவிசாய்க்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குழலைக் குறுக்குவதைத் தடை செய்கிறது.

அன்பர் இந்த மழைக்காலத்திலேயே காகிதச் சோதனையைச் செய்து பார்த்து, முடிவை நமக்கு எழுதுவாராக. கடன் விண்ணப்பம் அதுவரை மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.