இறந்தவர் போனுக்குள் பணம் இல்லை

எங்கள் கிளைக்கு இறந்தவர் கணக்கை முடிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் இறப்புச் சான்றிதழோடு ஒரு செல்போனையும் கொண்டுவருகிறார்கள். சார்ஜரைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, என் மேஜை மேல் பத்திரமாக வைத்துவிட்டு, "சாஹப், இதைத் திறக்க பேங்க்ல ஏதாவது வழி இருக்கா?" என்று இந்தியில் கேட்கிறார்கள். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நாக்பூர் வந்த புதிதில் தோன்றும். இப்போது பதில் தயாராக இருக்கிறது. திறக்க முடியாது. பணத்துக்காகத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பணம் போனுக்குள் இருக்கிறது என்று அவர்கள் நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. டீக்கடையிலிருந்து தங்க நகைக் கடை வரை போனைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறோம். "ஆப்ல பாருங்க" என்று வாடிக்கையாளரைக் கிளை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களும் நாங்கள்தான். ஆனால் போன் வெறும் ஜன்னல். ஜன்னல் மூடிக்கொண்டால் வீடு காணாமல் போய்விடாது.

நாமினி இருந்தால் விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை. இவ்வளவுதான். நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால், வணிக வங்கிகளில் குறைந்தது 15 லட்ச ரூபாய் வரை கோர்ட்டுக்குப் போகாமல் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் இண்டெம்னிட்டி பாண்டும் வைத்து முடித்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கென்று தனியாக விதிகள் போட்டு, 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கியும் அமல்படுத்த வேண்டும் என்றது. காகிதமெல்லாம் சரியாக வந்து சேர்ந்தால் 15 நாளில் தீர்க்க வேண்டும், வங்கியின் தாமதத்துக்கு வட்டி தர வேண்டும். (நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று அர்த்தமில்லை. வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டுமே. இதைச் சொன்னால் பாதி நாமினிகள் முகம் சுருங்கிவிடும்!)

இதெல்லாம் தெரியாமல் ஜனங்கள் செய்கிற காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது. இறந்தவரின் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, ஓடிபி வாங்கி, பணத்தைத் தங்கள் கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி பில், காரியச் செலவு என்று ஆயிரம் அவசரம். ஆனால் ஒருவர் இறந்த நிமிடமே அவர் பெயரில் இன்னொருவர் கணக்கை இயக்குகிற உரிமை முடிந்துவிடுகிறது. உயிரோடு இருப்பவருக்குத் தனி உரிமை கொடுத்த கூட்டுக் கணக்கு என்றால் கதை வேறு. மற்றபடி, ஆறு மாதம் கழித்துத் தங்கையோ தம்பியோ சண்டைக்கு வரும்போது, இறப்புச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கும், ஸ்டேட்மென்டில் ஒரு தேதி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். சொந்த அப்பாவின் பணத்துக்காகத் திருடன் மாதிரி தலைகுனிந்து நிற்கிறவர்களை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

"எங்கெங்கே போட்டிருக்கார்னே தெரியலையே சார், அதுக்காவது போன் வேணுமே" என்பார்கள். அதற்கும் வேண்டாம். பாஸ்புக்கைக் கடைசி வரை பதிவு செய்து, பதினைந்து மாதத்து வரிகளை நிதானமாகப் படியுங்கள். மாதா மாதம் ஒரே தேதியில் போகிற தொகை மியூச்சுவல் ஃபண்டாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை போவது இன்சூரன்ஸ் பிரீமியம், லாக்கர் வாடகை, டீமேட் கட்டணம். சின்னச் சின்னதாக வந்து விழுவது டிவிடெண்ட். ஒரு மனிதன் எங்கெல்லாம் பணம் போட்டான் என்பதை அவன் பாஸ்புக் மாதிரி யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் தொடாமல் கிடக்கிற டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கி 2023ல் ஆரம்பித்த உத்கம் தளத்தில் தேடலாம்.

விதிவிலக்கு கிரிப்டோ. சாவியைத் தானே வைத்துக்கொள்கிற வாலட்டில் போட்டிருந்தால், சாவி போனால் காசு போச்சு. 2018 டிசம்பரில் குவாட்ரிகா என்ற கனடா கிரிப்டோ நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன் நம்ம ஜெய்ப்பூரில் வைத்து இறந்துபோனார். சாவியெல்லாம் அவருடைய பூட்டிய லேப்டாப்பில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி உலகமே பரபரத்தது. கடைசியில், அவர் இறப்பதற்கு முன்பே அந்த வாலட்டுகள் காலி என்று விசாரணையில் தெரிந்தது. லேப்டாப்பைத் திறந்திருந்தாலும் காற்றுதான் :-)

சரி, பணம் போனுக்குள் இல்லை. அப்படியென்றால் போனுக்குள் என்னதான் இருக்கிறது?

என் அத்தான் 2023ல் கோயம்புத்தூரில் மாரடைப்பில் போனார். ஆறு இலக்கப் பூட்டுப் போட்ட, விலை உயர்ந்த போன். வங்கி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நான் பாஸ்புக்கை வைத்தே இரண்டு மாதத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன். அக்கா அதையெல்லாம் கேட்கவே இல்லை. "அவர் எனக்குப் பேசி அனுப்பினதெல்லாம் என் பழைய போனோட போயிடுச்சுடா. அவர் போன்லதான் இருக்கும்" என்றாள். அத்தானுக்கு டைப் அடிக்கச் சோம்பல். எல்லாவற்றையும் குரலாகவே அனுப்புவார். கறிவேப்பிலை வாங்கி வரணுமா என்பதுகூடக் குரல்தான்.

மருமகன் கல்யாண நாள், பிறந்தநாள், வண்டி நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தப்புக்கும் போன் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று காத்திருக்கச் சொன்னது. காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் திறந்து தருகிறேன் என்றார். "உள்ள இருக்கிறது இருக்குமா?" என்று கேட்டதற்கு, "போன் புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்றார். அக்காவுக்குப் புதுப் போன் எதற்கு?

இதில் கம்பெனிக்காரர்களைத் திட்டியும் பயனில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் உள்ளே இருப்பதையெல்லாம் சங்கேதமாக மாற்றி வைத்திருக்கிறது. எண் தெரியாவிட்டால், உள்ளதை அழிக்காமல் பூட்டை எடுக்க எங்களாலேயே முடியாது என்று ஆப்பிள் வெளிப்படையாகவே சொல்கிறது. 2016ல் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டில் செத்தவனின் போனைத் திறக்க அமெரிக்காவின் எஃப்பிஐயே கோர்ட் ஏறி, கடைசியில் வெளியாள் ஒருவரைப் பிடித்துத்தான் திறந்தது. 2018ல் ஃப்ளோரிடா போலீஸ் சவ அடக்க நிலையத்துக்கே போய் இறந்தவர் விரலை போனில் வைத்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. நம் ஊரிலும் நெருப்பு வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் அதைக் காதோடு சொல்லத்தான் செய்கிறார். தயவுசெய்து வேண்டாம். போன் அணைந்து எழுந்திருந்தால் விரலுக்குத் திறக்கவே திறக்காது, எண்தான் கேட்கும்.

இருக்கும்போதே செய்து வைக்க வழி உண்டு. கூகுளில் 2013லிருந்தே ஒரு ஏற்பாடு இருக்கிறது. இத்தனை மாதம் கணக்கைத் தொடாவிட்டால் இன்னாருக்கு இன்னதைக் கொடு என்று பத்துப் பேர் வரை எழுதி வைக்கலாம். ஆப்பிளில் 2021 டிசம்பரிலிருந்து மரபுத் தொடர்பு என்று ஒருவரை நியமிக்கலாம். அவர் இறப்புச் சான்றிதழும் நீங்கள் கொடுத்த சாவியும் காட்டினால் ஐகிளவுடில் இருக்கும் படம், செய்தியெல்லாம் கிடைக்கும், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. என் அலுவலகத்தில் பதினாறு பேரிடம் கேட்டேன். ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை. எல்லோரும் கடனுக்கும் டெபாசிட்டுக்கும் தினமும் நாமினி கேட்கிற ஆட்கள்!

என் ஆதங்கம் இங்கேதான். லாக்கருக்கு நாமினி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இறந்தவர் லாக்கரைச் சாட்சிகளை வைத்துத் திறந்து, பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கிறோம். 2025 நவம்பரிலிருந்து டெபாசிட்டுக்கும் லாக்கருக்கும் நான்கு நாமினி வரை வைக்கலாம். இரண்டு சவரன் சங்கிலிக்கு இத்தனை ஏற்பாடு. இருபது வருட வாழ்க்கை இருக்கிற கருவிக்கு, வாங்கும்போது "உங்களுக்கு அப்புறம் யார்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் நாமினி என்ற சொல் வந்திருக்கிறது. நல்ல ஆரம்பம். ஆனால் அது கம்பெனிகள் கையில் உள்ள தகவலைப் பற்றியது. அக்கா கையில் இருக்கிற போனின் பூட்டுக்கு அது உதவாது. போனை முதல் முதலாக இயக்கும்போது பெயர், மொழி கேட்கிற மாதிரி நாமினியும் கேட்க வேண்டும், சட்டம் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி.

"செத்தவருக்கு அந்தரங்கம் கிடையாதா?" என்று சக அதிகாரி ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. லாக்கர் பட்டியல் போடும்போது நகைக்கு அடியிலிருந்து பழைய கடிதக் கட்டு வந்து, மனைவி முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை வாரிசுகளின் ஊகத்துக்கு விடக்கூடாது என்கிறேன். திறக்கலாமா, யார் திறக்கலாம், எதை அழிக்கணும் என்பதை உரியவரே சொல்லட்டும். "திறக்காமல் அழித்துவிடு" என்பதும் ஒரு பதில்தான். அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் குடும்பம் மாதக்கணக்கில் நம்பர் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காது.

சட்டம் வரும்வரை எங்கள் வங்கி வழக்கத்தைச் சொல்கிறேன். எந்தக் கிளையின் பெட்டக மாற்றுச் சாவியும் அந்தக் கிளையில் இருக்காது. சீல் வைத்த கவரில் இன்னொரு இடத்தில் இருக்கும். சாவியும் ஒரே ஆளிடம் இருக்காது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். வீட்டிலும் அதே மாதிரி செய்யலாம். ஆறு எண்ணில் முதல் மூன்றை ஒரு கவரிலும் அடுத்த மூன்றை வேறொருவரிடம் இன்னொரு கவரிலும் வையுங்கள். தினமும் "பின்னை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று செய்தி அனுப்புகிற வங்கிக்காரனே இப்படிச் சொல்கிறானே என்கிறீர்களா? வங்கிப் பின், யூபிஐ பின் எதையும் எழுத வேண்டாம். அது இறந்தபின் யாருக்கும் தேவையில்லை என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன். எழுத வேண்டியது திரைப் பூட்டும், மின்னஞ்சல் கணக்கும் மட்டும். உயிலில் எண்ணை எழுதாதீர்கள், நாளைக்கே மாற்றுவீர்கள். கவர் எங்கே என்று எழுதுங்கள், போதும். என் கவரைத் தங்கமணியிடம் கொடுத்தபோது, "இப்பவே திறந்து பார்க்கலாமா?" என்றாள். இன்னொரு பாதி என் தம்பியிடம் இருக்கிறது என்றதும் சப்பென்று ஆகிவிட்டது.

ஏற்கெனவே இந்தச் சிக்கலில் இருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. போனை அணைய விடாதீர்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், 90 நாள் சும்மா கிடந்தால் எண் போய்விடலாம். அவசரப்பட்டு வேறு போனில் அந்த எண்ணை வைத்து வாட்ஸப் பதிவு செய்யாதீர்கள், பழைய போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிற இணைப்பு அறுந்துவிடும். லேப்டாப்பில் வாட்ஸப் திறந்திருந்தால் அதுதான் முதல் வேலை. அந்தப் போனைத் தொடாமலேயே இருந்தால் சுமார் 14 நாளில் அதுவும் வெளியே தள்ளிவிடும். லேப்டாப் பூட்டியிருந்தாலும் சங்கேதம் போடாத பழைய மாடல் என்றால் உள்ளே உள்ள டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாம்.

அத்தானின் லேப்டாப் அப்படிப்பட்டதுதான். மருமகன் ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். 2009லிருந்து படங்கள், வருமான வரிக் கணக்கு, அக்கா ஊட்டியில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு வீடியோ. கேமரா பிடித்தது அத்தான். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்று ஒரே ஒரு தடவை சொல்கிறார்.

போன் இன்னும் அக்காவின் பீரோவில் இருக்கிறது. வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறாள்.