இஷ்டமிருந்தால் இணைக்கவும்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுவது கட்டாயமில்லை. யாரும் கழுத்தில் துண்டைப் போட்டு இழுப்பதில்லை. ஆனால் வாசலிலேயே ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு பெரியவர்கள். சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்து பாருங்கள், முதுகில் எத்தனை கண் பதிகிறது என்று தெரியும். 'இஷ்டமிருந்தால்' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் அதுதான் அர்த்தம்.

இதே வார்த்தையைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் என் அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்கு வர முடியுமா? 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம், கட்டாயமில்லை'ன்னு போட்ருக்கான். என்னத்தச் சொல்லன்னு தெரியல."

"கட்டாயமில்லேன்னா விட்டிரு."

"சும்மாவா போட்ருப்பான்?"

(எனக்கு லீவு போட ஆபீஸ் கிடையாது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு வருஷம் பூரா லீவுதான். இது அக்கா வீட்டில் இன்னும் தெரியாது.)

அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஆதிச்சநல்லூர்ப் பக்கம். தாமிரபரணித் தண்ணீர், வாழைத் தோட்டம். மருமகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. படிப்பில் கெட்டி. நம் ஊர் இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, ஹரியானா சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்துக்கும், அமெரிக்காவில் மூன்று காலேஜுக்கும் விண்ணப்பம் போடுகிறான். அமெரிக்காவா, அத்தானுக்கு ஏது அவ்வளவு பணம் என்று கேட்பீர்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. மாதிரி சில இடங்களில் வெளிநாட்டுப் பையனாக இருந்தாலும் வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்து, கட்ட முடியாத தொகையை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். என்ன, உள்ளே நுழைவதுதான் திருப்பதி தர்ம தரிசனத்தைவிடக் கஷ்டம்.

நான் போய் இறங்கியதும் அத்தான் பரணிலிருந்து ஒரு ஃபைலை இறக்கினார். பச்சை அட்டை, நாடா கட்டியது. உள்ளே 41 சர்டிபிகேட். மூன்றாம் வகுப்பில் திருக்குறள் ஒப்பித்தது. ஆயிரம் பேர் ஒரே மைதானத்தில் யோகா செய்தது. ஓவியப் போட்டியில் 'கலந்துகொண்டார்'. கொரோனா சமயத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிய ஆன்லைன் கருத்தரங்கு சர்டிபிகேட் மட்டும் பதினெட்டு. அதில் ஒன்று தேனீ வளர்ப்பு.

"ஏல, தேனீயைப் பாத்திருக்கியா?"

"கொட்டியிருக்கு மாமா."

இது போதாதென்று திருநெல்வேலியில் ஒரு கன்சல்டன்ஸிக்காரர் 60,000 ரூபாய் கேட்டிருக்கிறார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, பையன் பெயரில், ஒரு இன்டர்நேஷனல் ஜர்னலில் போட்டுத் தருவாராம். பையன் படித்துக்கூடப் பார்க்க வேண்டாமாம். அத்தான் கூட்டுறவு பாங்கில் நகைக் கடனுக்கு என்ன வட்டி என்று விசாரித்து வைத்திருந்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு நடக்கும்போது கை மட்டும் கழுத்துச் செயினுக்குப் போய்ப் போய் வந்தது.

எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. பி.காம். விண்ணப்பத்தோடு என் அப்பா பதினோரு சர்டிபிகேட் நகலை, அத்தனைக்கும் கையெழுத்து வாங்கி, இணைத்திருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் உருவிக்கொண்டு மீதியைத் திருப்பித் தள்ளினார். குண்டூசியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். நான்கு வருஷம் தபேலா படித்ததற்குக் கிடைத்த மரியாதை ஒரு குண்டூசி நஷ்டம்.

அப்போது அந்த கிளார்க் மேல் கோபம். இப்போது யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மார்க்கைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்று நம் ஊர் முடிவெடுத்தது சும்மா இல்லை, பட்டுத்தான் எடுத்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மெடிக்கல் சீட்டுக்கு இன்டர்வியூ உண்டு. 275 மார்க்கில் 75 மார்க் அதற்கே. விளையாட்டு, என்.சி.சி., சேவை, உடல் திடம், பொதுத் திறமை என்று தலைப்புகள் உண்டு. ஆனால் கமிட்டி தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக ஒரு மார்க்கைப் போட்டுவிட்டது. பெரியகருப்பன் வழக்கு என்று அது சுப்ரீம் கோர்ட் வரை போய், 1970-ல் அப்படிப் போட்டது தப்பு என்று தீர்ப்பு வந்தது. (வவுச்சர் இல்லாமல் மொத்தத் தொகையை எழுதினால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?) 1980-ல் ஸ்ரீநகர் இன்ஜினீயரிங் காலேஜ் வழக்கு இன்னும் வேடிக்கை. எழுத்துத் தேர்வுக்கு 100, இன்டர்வியூவுக்கு 50. அந்த இன்டர்வியூ இரண்டு மூன்று நிமிஷம். அதிலும் கேட்டது அப்பா யார், வீடு எங்கே என்று. இன்டர்வியூ மார்க் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முடிந்தால் டேப் ரிக்கார்டரில் பதிவு செய்யுங்கள் என்றது கோர்ட்.

நம் ஊரில் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது, 2007-ல் போனது. இன்ஜினீயரிங்குக்கு இப்போது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. வாழைத்தோட்டத்துப் பையனுக்கும் கலெக்டர் பையனுக்கும் ஒரே தராசு. அதில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்ற கேள்வி இல்லை. கேட்டால் முதலில் பதில் சொல்கிறவன் யார் என்று நமக்குத் தெரியும். 60,000 ரூபாய் வைத்திருக்கிறவன்.

அமெரிக்காக்காரன் கேட்கிறான். அங்கே நிறைய காலேஜ்களுக்குச் சேர்த்து ஒரே பொது விண்ணப்பம் உண்டு. 'காமன் ஆப்' என்பார்கள். அதில் படிப்புக்கு வெளியே நீ செய்தது என்று பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. நம் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பட்டங்களுக்கே அது பத்தாது. அதற்கு மேல், இஷ்டமிருந்தால், கூடுதல் தகவல் எழுதலாம். முன்பு 650 வார்த்தை கொடுத்தார்கள். 2025-ல் 300 ஆகக் குறைத்துவிட்டார்கள். கஷ்டமான சூழ்நிலை ஏதாவது இருந்தால் சொல்ல இன்னொரு 250 வார்த்தை. சர்டிபிகேட்டை இணைக்கப் பொதுவாக இடமே கிடையாது. சில காலேஜில் பாட்டு, ஓவியம், தானே செய்த மெஷின் என்று தனியாக அனுப்பலாம். அதுவும் அந்தத் துறை ஆசாமிகள் பார்த்து மதிக்கிற தரத்தில் இருந்தால்.

ஆக 41 சர்டிபிகேட்டும் அவுட். அத்தானுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப எதத்தான் வைக்கச் சொல்லுதிய?" என்றார்.

பதில் தெரியவில்லை. "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வாரோம்" என்று பையனைக் கூட்டிக்கொண்டு பரம்புக்குப் போனேன்.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பு உங்களில் பலருக்குப் பாடப் புத்தகத்தில் தெரிந்திருக்கும். திருநெல்வேலி-திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிய மேடு. 114 ஏக்கர். இரும்புக் காலத்து முதுமக்கள் தாழிகள் புதைந்த இடம். 1876-ல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததை அங்கே கொண்டு போனார். விண்ணப்பமே போடாமல் வெளிநாட்டில் அட்மிஷன் கிடைத்த முதல் ஆதிச்சநல்லூர்க்காரர்கள் அவர்கள்தான். அப்புறம் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில வருஷம் தோண்டினார். கிடைத்ததையெல்லாம் பட்டியல் போட்டு 1915-ல் அவர் கேட்லாக் வந்தது. மறுபடி 2004-ல் தொல்லியல் துறை, பிறகு 2021-ல் இன்னொரு தடவை. 2023 ஆகஸ்டில் குழிகளுக்கு மேலேயே கண்ணாடி போட்டுத் திறந்தார்கள். கண்ணாடி மேல் நின்று காலுக்குக் கீழே தாழியைப் பார்க்கலாம். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அடுத்தவர் படுக்கையறை மேல் நிற்பது மாதிரி.

செத்தவரோடு என்ன வைப்பது என்று அந்த ஜனங்களும் யோசித்திருப்பார்கள். ஒரு தாழிக்குள் எவ்வளவு கொள்ளும்? சிலவற்றில் நெற்றியில் கட்டுகிற மெல்லிய தங்கப் பட்டம். எல்லாவற்றிலும் தங்கம் இல்லை. இரும்புக் கத்தி, ஈட்டி, சின்னச் சின்ன மண்கலம், நெல் உமி. போகிற இடத்துக்கு ஒரு அறிமுகக் கடிதம் மாதிரி.

பையன் கண்ணாடிக்குக் கீழே பார்த்துக்கொண்டே கேட்டான். "தங்கம் இல்லாதவுக என்ன செஞ்சிருப்பாவ மாமா?"

"வீட்ல என்ன இருந்துதோ அத வச்சிருப்பாவ. நம்ம வீட்ல என்ன இருக்கு?"

"வாழை இருக்கு. வெள்ளம் வந்துச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் பிடித்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் மிதந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் நடுவழியில் நின்றார்கள். பையன் அப்போது பத்தாம் வகுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு கூழாகியிருந்தது. ஆதார், பாஸ்புக், பட்டா நகல், எல்லாம் போச்சு. மனு எழுத ஆள் வேண்டும். நூலகத் திண்ணையில் உட்கார்ந்து இவன் எழுதியிருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அரைப் பரீட்சை லீவு முழுக்க, பிறகு சாயங்காலங்களில்.

"எத்தன மனு?"

"நூத்திப் பன்னெண்டு. நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் பார்த்தேன். சாதாரண 80 பக்க நோட்டு. அதில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் இருபது மனுவில் எட்டு திரும்பி வந்திருக்கிறது. ஏனென்று பார்த்திருக்கிறான். ரேஷன் கார்டில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி. அன்றிலிருந்து மனு எழுதுமுன் ஒவ்வொருவருக்கும் கோடு போட்டு நாலு கட்டம்: எந்தக் காகிதத்தில் என்ன பெயர். கடைசி முப்பதில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. பி.காம். படித்தவன் சொல்கிறேன், இதற்குப் பெயர் ரிகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட். எனக்கு அது புரிய இரண்டு செமஸ்டர் ஆயிற்று.

"இத ஏம்ல சொல்லல?"

"இதுக்கு சர்டிபிகேட் இல்லையே மாமா."

வெள்ளத்தில் சர்டிபிகேட் போனவர்களுக்கெல்லாம் மனு எழுதினவனிடம் அதற்கு ஒரு சர்டிபிகேட் இல்லை. அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆனால் பையன் சிரிக்கவில்லை. "வெள்ளத்தச் சொல்லி சீட்டுக் கேட்டா, அழுது கேட்ட மாதிரி இருக்காதா? செத்தும் போயிருக்காவ மாமா." இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. மற்றவர்கள் துக்கத்தை எடுத்து நம் ஃபைலில் வைப்பது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. கடைசியில் இரண்டு பேருமாக ஒரு வழி கண்டோம். வெள்ளம் எப்படி வந்தது, யார் அழுதார்கள், எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடம் எத்தனை நாள் மூடியிருந்தது என்பது சூழ்நிலைக் கேள்வியில் இரண்டு வரி. பத்து இடத்தில் ஒன்றில் 150 எழுத்துக்குள் மனு எழுதியது. அந்த நாலு கட்டம், எட்டு திரும்பியது, ஒன்று திரும்பியது, கூடுதல் தகவலில். எழுதி முடித்தபோது 900 வார்த்தை. 300 ஆக்க இரண்டு ராத்திரி ஆனது. 'சமுதாயத்தின் மீது கொண்ட அளப்பரிய அக்கறையால்' என்று ஒரு வரி இருந்தது. நான் அடித்தேன். அவன் மறுபடி எழுதினான். மறுபடி அடித்தேன்.

அத்தான் எம்.எல்.ஏ.விடம் ஒரு லெட்டர் வாங்கலாம் என்றார். எம்.எல்.ஏ.வுக்கு இவனைத் தெரியாதே! வாத்தியார்கள் கொடுக்கிற கடிதம் போக, கூடுதலாக ஒன்று வைக்கலாம் என்கிற காலேஜுக்கு மட்டும் நூலகரிடம் வாங்கினோம். திண்ணையில் தினம் பார்த்தவர் அவர்தான். கராத்தே வீடியோ பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அதில் பதினோரு நிமிஷம் மற்றவர்கள்தான் உதைக்கிறார்கள். விட்டோம். தோட்டத்தில் அப்பாவுக்கு வாழைத்தார் கணக்கு எழுதுவது ஒரு இடத்தில் போனது. குடும்ப வேலைக்கு என்றே அந்த விண்ணப்பத்தில் ஒரு பிரிவு இருக்கிறது என்றதும் அத்தானுக்கு நம்பிக்கை வரவில்லை, திரையில் காட்டச் சொன்னார். பத்தில் ஆறு இடம்தான் நிரம்பியது. மீதி நாலைக் காலியாக விட அவருக்கு மனசே இல்லை. "யோகாவையாவது போடுமே" என்றார் ராத்திரி பதினொரு மணிக்கு.

போடவில்லை. கன்சல்டன்ஸிக்காரர் இரண்டு தடவை போன் பண்ணினார், அக்காதான் எடுத்துப் பேசினாள். என்ன சொன்னாளோ, மூன்றாவது தடவை வரவில்லை.

பச்சை ஃபைலை அத்தானே நாடா கட்டிப் பரணில் ஏற்றினார். சுவரில் 2023-ல் தண்ணீர் நின்ற கோடு இரண்டு சுண்ணாம்புக்குப் பிறகும் மங்கலாகத் தெரிகிறது. ஃபைல் அதற்கு மூன்று அடி மேலே இருக்கிறது. நோட்டு கீழே மேஜை மேல் கிடந்தது. "அதையும் மேல வச்சிருங்க" என்றாள் அக்கா.