பிழையையும் சேர்த்துப் படியெடுத்தல்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் காத்துவரும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுள் கிரந்த எழுத்தில் அமைந்தவை மிகுதி என்பதால், ஓலை செல்லரிக்காமல் காப்பதோடு, அவ்வெழுத்தைப் படிக்க வல்லாரும் தலைமுறைதோறும் உருவாகிவந்தால்தான் அச்சுவடிகள் நூல்களாக நிலைக்கும்.

பழைய வீட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்ட நிரல்களின் நிலையும் இதுவே. இந்திய அரசு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்வழிப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட கணினி. 6502 என்னும் சில்லைச் செயலியாகக் கொண்ட அது, பாட்டுப் பதியும் சாதாரண கேசட்டிலேயே நிரல்களைச் சேமித்தது. 0 என்பதற்கு 1,200 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலையும், 1 என்பதற்கு 2,400 ஹெர்ட்ஸ் ஒலியில் ஈரலைகளும் நாடாவில் பதிந்தன. அவ்வொலியை இன்று மடிக்கணினியில் கோப்பாக ஏற்றிவிடலாம்; ஆயினும் அதிலுள்ள கட்டளைகள் 6502க்கு உரியவை ஆகையால், இன்றைய செயலிக்கு அவை படிக்கத் தெரியாத எழுத்தாகவே எஞ்சும்.

அவ்வெழுத்தைப் புதிய கணினிக்குக் கற்பிப்பதே எமுலேட்டர், அதாவது ஒரு கணினியின் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை அனைத்தையும் மற்றொரு கணினியில் இயங்கும் நிரலாகவே எழுதிவைப்பது. 1994இல் யூனிக்ஸ் கணினிகளுக்காக உருவான பீப்எம், பின்னாளில் இணைய உலாவியிலேயே இயங்குமாறு எழுதப்பட்ட ஜேஎஸ்பீப் ஆகியவை பிபிசி மைக்ரோவை இவ்வாறு மீட்டவை. கட்டளையை எடுத்து, பொருளறிந்து, பழைய சில்லு செய்திருக்கக்கூடியதைச் செய்வதோடு, நொடிக்கு இருபது லட்சம் துடிப்பு என்ற பழைய கதியை மீறாதபடி புதிய கணினியைக் காத்திருக்கவைப்பதும் எமுலேட்டரின் பணியாகும்.

சில்லின் பிழையும் இப்பணியில் தப்புவதில்லை. 6502 தன் நினைவகத்தை 256 கட்டங்கள் கொண்ட பக்கங்களாகக் கையாள்கிறது. ‘இங்கே குறித்துள்ள முகவரிக்குத் தாவு’ என்னும் கட்டளை வந்தால், அடுத்தடுத்த இரு கட்டங்களிலிருந்து முகவரியின் இரு பாதிகளை எடுத்துச் சேர்க்க வேண்டும். முதற்பாதி ஒரு பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அமைந்துவிட்டாலோ, அடுத்த ஏட்டைப் புரட்ட மறந்தவரைப் போல, அதே பக்கத்தின் முதற்கட்டத்திலிருந்து மறுபாதியை எடுத்துத் தவறான இடத்துக்குத் தாவிவிடும். இப்பிழையைத் திருத்திய எமுலேட்டரில், அன்று அப்பிழையால் வேறு வழியில் ஓடிய நிரல் இன்று அவ்வழியில் ஓடாது.

சுவடிப் பதிப்பாசிரியர் ஏடெழுதியவரின் பிழையைத் திருத்தி, மூலத்தில் கண்டதைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் காட்டலாம். எமுலேட்டரில் அடிக்குறிப்புக்கு இடமில்லை ஆதலால், அதை எழுதுபவர் பிழையையும் மூலத்தின் நடுவிலேயே, அது நிகழ்ந்தவாறே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.