திறப்பைத் தருகிற முதல் வீடு



விடுமுறையில் நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் வேலை செய்யலாமா, முதல் வாடிக்கையாளரை எங்கே தேடுவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்: "நாய் மேய்க்கவோ லண்டனுக்கு வந்தனாங்கள்?" ஊரில் முற்றத்தில் கிடக்கும் நாயைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இங்கே இது பொறுப்பான வேலை. ஒருவர் தன் வீட்டுத் திறப்பையும், பிள்ளை போல வளர்க்கும் ஓர் உயிரையும் உங்கள் கையில் தருகிறார்.

முதல் ஆள் கிடைப்பது கடினமாக இருப்பதும் அதனால்தான். விலையைக் குறைத்தால் வருவார்கள் என்று எண்ண வேண்டாம். பாதி விலை என்பதற்காக முன்பின் தெரியாதவரிடம் யாரும் திறப்பைக் கொடுப்பதில்லை. தெரிந்த ஒருவர் "நல்ல பிள்ளை, சொன்ன நேரத்துக்கு வரும்" என்றால் கொடுப்பார்கள். நாம் தேட வேண்டியது அந்த ஒரு சொல்லைத்தான்.

அது பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே இருக்கும். வார்டில் வேலை செய்யும் நாங்கள் அடிக்கடி கேட்கும் கவலை, "வீட்டில் நாயை யார் பார்ப்பது?" என்பது. இடுப்பு மூட்டு சத்திர சிகிச்சை முடிந்து ஊன்றுகோலுடன் வீட்டுக்குப் போகிறவரை, இழுக்கிற நாய் ஒரு நொடியில் விழுத்திவிடும். அப்படிப்பட்ட அயலவருக்கு உங்கள் அரை மணி நேரம் பெரிய உதவி. நோயாளிகளின் பெயரை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள். அதை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டாரிடமும் பழைய ஆசிரியரிடமும் நீங்களே நேரில் கதையுங்கள். மிருக வைத்தியரின் வரவேற்பிலும் நூலகத்திலும் ஒரு சிறு அறிவித்தல் ஒட்ட அனுமதி கேளுங்கள். அதில் பெயர், பகுதி, வரக்கூடிய நாட்கள் போதும். வீட்டு முகவரி வேண்டாம்.

அனுபவம் இல்லையா? 1985இல் தொடங்கிய சின்னமன் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம், முதியவர்களின் நாய்களை நடத்தத் தொண்டர்களைச் சேர்க்கிறது. வயது விதியைக் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே சம்பளம் இல்லை, பழக்கம் உண்டு.

முதல் சந்திப்புக்குக் காசு வாங்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப்போங்கள். மற்றவர்களும் எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உரிமையாளருடன் சேர்ந்து ஒரு முறை நடந்து பாருங்கள். பிறகு, வார்டில் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது கேட்பதுபோலக் கேளுங்கள். என்ன மருந்து, எப்போது? எந்த உணவு ஒத்துக்கொள்ளாது? எதைக் கண்டால் பயம்? கூப்பிட்டால் திரும்பி வருமா? மிருக வைத்தியரின் தொலைபேசி எண் என்ன? எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே எழுதுங்கள். "எனக்கு நாய் என்றால் உயிர்" என்று சொல்வதைவிட, இந்தக் கேள்விகள்தான் அவருக்கு நம்பிக்கை தரும்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டப்படி, நாய் கட்டுப்பாட்டை மீறி ஒருவரைக் கடித்தால், அந்த நேரத்தில் அதைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே லீட்டை அவிழ்க்காதீர்கள். பிடித்து நிறுத்த முடியாத பெரிய நாய் என்றால் "என்னால் முடியாது" என்று சொல்லுங்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நாயை உங்கள் வீட்டில் தங்கவைத்துத் தொழிலாகக் காசு வாங்க, 2018ஆம் ஆண்டு விதிகளின்படி கவுன்சில் உரிமம் வேண்டும். நடத்துவதற்கு அந்த உரிமம் தேவையில்லை. ஆனால் பூங்காவின் விதிகளைப் பாருங்கள்.

தாதிகளாகச் சில வார்த்தைகள். சொக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், சைலிட்டோல் சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெயில் நாளில் புறங்கையை நடைபாதையில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. உங்களைக் கடித்துத் தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சில நிமிடங்கள் கழுவி, அன்றே வைத்திய உதவி பெறுங்கள்.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ஒரு படமும், நாய் மலசலம் கழித்ததா, தண்ணீர் குடித்ததா என்று ஒரு வரியும் அனுப்புங்கள். திறப்பில் முகவரி எழுதாதீர்கள். ஒரு மாதம் போனதும், உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். இரண்டாவது வீட்டின் கதவை அந்த இரண்டு வரிதான் திறக்கும்.

இந்த சனிக்கிழமை உங்கள் தெருவில் நாயோடு போகிறவர் ஒருவருக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். நாயின் பெயரைக் கேளுங்கள். வேலையைப் பற்றி அடுத்த முறை கதைக்கலாம்.