பிளக்ஸில் பெயர் விட்டுப்போனால்தான் கோபம் வரும்

கீழப்பாவூர்க்காரர்களுக்குப் புகார் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோயில் கொடை போர்டில் ஒரு பெயர் விட்டுப்போகட்டும், தலைவர் படம் கொஞ்சம் சிறுத்துப்போகட்டும், பிளக்ஸ் அடித்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. முற்றினால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போவோம். கல்யாணப் போர்டில் மாப்பிள்ளை வெறுந்தலையோடு பைக்கில் பறப்பதைப் பார்த்து மட்டும் எங்களில் ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை.

இதில் மோசமானது கண்ணீர் அஞ்சலி போர்டு. தென்காசி ரோட்டில் பைக்கில் அடிபட்டுச் செத்த பையனுக்கு வைப்போம். அதிலும் அவன் பைக்கில்தான் இருப்பான், கூலிங் கிளாஸ் போட்டு, தலையில் ஒன்றுமில்லாமல். அந்தப் படம்தான் நல்லா இருக்குது என்று கூட்டாளிகள் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். பதினாறாம் நாள் கழிந்தும் அது நிற்கும். ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவோம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்ற உயர் நீதிமன்ற உத்தரவு 2015 ஜூலை முதலே நடப்பில் இருக்கிறது.

2019 செப்டம்பரில் சென்னையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் பேனர் விழுந்து, லாரி ஏறி இறந்தபோது நாங்களும் டீக்கடையில் கொதித்தோம். போர்டு சரிந்தால் ஆள் சாவான் என்பது அன்றைக்குப் புரிந்தது. போர்டில் இருக்கும் படமும் ஆளைக் கெடுக்கும் என்பது இன்னும் புரியவில்லை.

தீபாவளிக்கு வருவோம். சிவகாசி எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். மத்தாப்பு டப்பாவிலும் கடை போர்டிலும் சின்னப்பிள்ளை தனியாக நின்று கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிறது. பக்கத்தில் பெரியவர் கிடையாது, வாளித் தண்ணீர் கிடையாது. ‘அழகா இருக்கே’ என்போம். 1985-இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதித்தொகுப்பு, குழந்தைகளை நோக்கிய விளம்பரத்தில் அவர்கள் தீக்குச்சியோடோ வெடிபொருளோடோ விளையாடுவதைக் காட்டக் கூடாது என்கிறது. தக்க காரணமில்லாமல் ஆபத்தான செயலைக் காட்டுவதும் தவறு என்கிறது. 2006 முதல் தொலைக்காட்சி விளம்பரங்களுக்குக் கேபிள் டிவி விதியே இந்தத் தொகுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குழந்தைகளை ஆபத்தான செயலுக்குத் தூண்டும் விளம்பரம் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2022-இல் வழிகாட்டுதல் போட்டது. இத்தனை இருந்தும் எங்கள் தெருவிலிருந்து ஒரு புகார் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

புகாருக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டனில் ஒரு சைக்கிள் பாதுகாப்பு விளம்பரம். அதில் வந்த பெண் ஹெல்மெட் போடவில்லை. எழுதியவர்கள் 5 பேர்தான். அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் 2014-இல் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. சைக்கிள்காரர்கள் சண்டை போட்டதும் மறுபடி விசாரித்து முடிவை மாற்றியது, அது வேறு கதை. அங்கே ஒரு படத்துக்கு இரண்டு தரப்பிலும் வாதாடினார்கள். இங்கே ஒரு தரப்புகூட வாய் திறக்கவில்லை.

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். பட்டாசுக் கடைக்காரர் மாமன் முறை. ஷோரூமில் தவணைக்கு வண்டி எடுத்திருக்கிறோம். பிளக்ஸ் அடிக்கிறவர் பக்கத்து வீடு. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்பதைப் பண்பாடு என்றும் சொல்லிக்கொள்கிறோம். நிஜத்தில் அது கோழைத்தனம். வீட்டுப் பிள்ளை ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு போவதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பவர்களும் நாங்களே. அப்படிப்பட்டவர்கள் கம்பெனி விளம்பரத்தை எந்த வாயால் குறை சொல்வது?

சொல்லத்தான் வேண்டும். விளம்பரக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை, அனுப்பியவர் பெயரையும் வெளியில் விட மாட்டார்கள். மாமன் முறைக்குப் பங்கம் வராது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். ரோட்டோரப் போர்டுக்குப் பேரூராட்சி அலுவலகம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தத் தீபாவளிக்குப் போர்டு ஏறும்போது, நம் பெயர் இருக்கிறதா என்று பார்த்து முடித்தபின், படத்தையும் ஒரு தடவை பாருங்கள்.